இணைப்பைத் திருத்துவது ஒரு வாசிப்பு வேலை

நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள்களின் ஆவணங்களில் காலாவதியாகிப்போன இணைப்புகளைத் தேடித் திருத்தும் வேலையை நான் சில ஆண்டுகளாக இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்தபடி செய்துவருகிறேன். பெரும்பாலான திட்டங்களில் இது புதிதாக வருபவர்களுக்கென்று ஒதுக்கப்படும் வேலை. முதற்பங்களிப்புக்கு ஏற்றது என்ற குறியுடன் பதிவுசெய்யப்பட்டு, யாராவது எடுக்கும்வரை அப்படியே கிடக்கும். பழைய முகவரியை அழித்துப் புதியதைப் போட்டால் முடிந்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் இணைப்பைச் சரியாகத் திருத்த வேண்டுமென்றால், அது நிற்கும் வாக்கியம் வாசகருக்கு எதைக் காட்டுவதாகச் சொன்னது என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அறிவதற்கு அந்த வாக்கியத்தையும், அது எழுதப்பட்ட காலத்தையும், அன்று அந்த முகவரியில் இருந்த பக்கத்தையும் பொறுமையாக வாசிக்க வேண்டும். தட்டச்சு செய்வது கடைசி அரை நிமிடம்தான்.

யாருக்காக இந்தச் சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பஸ்ஸில் வருகிறார்கள். வீட்டில் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசியும், கையில் காசு இருக்கும்போது போட்டுக்கொள்ளும் டேட்டா பெக்கேஜும்தான். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் இருக்கும். ஒரு வளைவைத் தாண்டினால் இராது. அப்படிப்பட்ட இடத்தில், தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து ஆங்கில ஆவணமொன்றை எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு மாணவிக்கு, இணைப்பைத் தொட்டவுடன் வெறும் பக்கம் வந்தால், பிழை ஆவணத்தில் இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைக்கிறாள். டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறாள். ஆங்கிலத்தைத் தான்தான் தவறாக விளங்கிக்கொண்டதாகவும் நினைக்கிறாள். அனுபவமுள்ள நிரலர் ஒருவர் அதே பக்கத்தைக் கண்டதும் வேறொரு தாவலைத் திறந்து தேடத் தொடங்கிவிடுவார். ஆவணத்தின் துணை மிகவும் தேவைப்படுகிறவருக்கே உடைந்த இணைப்பு அதிகம் பாரமாகிறது.

ஆகவே வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பவற்றில் ஒன்று, பக்கம் திறக்காததற்கான காரணங்களைப் பிரித்தறிவது. 404 என்ற எண் வந்தால், உங்கள் சிக்னலில் குறையில்லை. உங்கள் கோரிக்கை கடல் கடந்து, பக்கங்களை வைத்திருந்து அனுப்பும் கணினியான சேவையகத்தை அடைந்து, அது தேடிப் பார்த்து, அப்படியொரு பக்கம் தன்னிடம் இல்லை என்று பதிலும் அனுப்பிவிட்டது. 410 வந்தால், பக்கம் வேண்டுமென்றே நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். 403, 429 ஆகியவை வந்தால், பக்கம் இருக்கக்கூடும், ஆனால் உங்களை உள்ளே விட மறுக்கிறார்கள், அல்லது அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். 503 என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம். தளத்தின் இணையப் பெயரான டொமைன் பெயரே கிடைக்கவில்லை என்று உலாவி சொன்னால், அந்தப் பெயரைப் புதுப்பிக்காமல் யாரோ விட்டுவிட்டிருக்கக்கூடும். இந்த ஆறேழு நிலைகளை விளங்கிக்கொண்ட பிள்ளைக்குத் தன்மேல் இருந்த சந்தேகம் பெருமளவு நீங்கிவிடுகிறது.

இணைப்புகள் ஏன் இவ்வளவு சாகின்றன என்பதற்குத் திறமூல உலகின் அண்மைக்கால வரலாறே விடை. ஒருகாலத்தில் எண்ணற்ற திட்டங்களுக்கு வீடாக இருந்த கூகுள் கோட் 2015 இல் வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய், 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதைப் போன்ற கிடோரியஸ், கோட்ஹவுஸ் ஆகிய இரண்டும் 2015 இலேயே போயின. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஒரக்கிள் 2010 இல் வாங்கிய பிறகு, ஜாவா ஆவணங்களைச் சுட்டிய பழைய முகவரிகள் கொஞ்சம் கொஞ்சமாக வழிதப்பின. இன்னொரு நிரல் தளமான பிட்பக்கெட், மெர்குரியல் என்ற கருவியில் இருந்த களஞ்சியங்களை 2020 இல் கைவிட்டது. 2021 மே மாதத்தில் திறமூலத் திட்டங்களின் அரட்டை அறைகள் கூட்டம் கூட்டமாக ஃப்ரீநோடை விட்டு லிபெரா சாட்டுக்கு இடம்பெயர்ந்தன. "உதவி தேவையானால் ஃப்ரீநோடில் கேளுங்கள்" என்ற வரி இன்னும் பல ஆவணங்களில் நிற்கிறது. பொதுவான இணையத்தின் நிலையும் இதுதான். 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 2023 இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்கங்களில் 54 சதவீதத்தில் மேற்கோள் பகுதியில் குறைந்தது ஓர் இணைப்பாவது செத்துக்கிடப்பதையும் அதே ஆய்வு கண்டது.

இவை எல்லாவற்றையும் தவிர்த்திருக்க முடியாது என்று நான் நினைக்கவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998 இலேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தில் ஒரு குறிப்பை எழுதியிருக்கிறார். காலப்போக்கில் மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்பது அதன் சாரம்: எழுதியவரின் பெயர், பக்கத்தின் நிலை, கோப்பின் பின்னொட்டு, பின்னால் இயங்கும் மென்பொருளின் அடையாளம் எதுவும் அதில் வேண்டாம் என்கிறார். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயர். மற்றது மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தமிழ்ப் பெயர். தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையில் இருந்தன. 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் பெயர்ப்பலகையில் கம்பனியின் பெயர் மாறியது. மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் மாறவில்லை, ஏனென்றால் அது உரிமையாளரைச் சுட்டவில்லை, இடத்தைச் சுட்டியது. ஓர் ஆவணத்தின் முகவரியும் அப்படி, அது எதைப் பற்றியது என்பதை மட்டும் சுட்டினால், அதைத் தாங்கும் சேவையகமும் நிறுவனமும் எத்தனை தடவை மாறினாலும் பழைய இணைப்பு வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளலாம். ரீட் த டொக்ஸ் தளம் 2016 இல் தான் தாங்கும் ஆவணங்களை ஒரு டொமைனில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியபோது பழைய முகவரிகளில் இருந்து வழிமாற்று வைத்தது. அந்தப் பழைய முகவரியோடு நிற்கும் ஆவணங்களை வாசிப்பவர் எந்த இடமாற்றத்தையும் உணராமலே உரிய பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

இனி ஒரு திருத்தத்தை அருகில் இருந்து காட்டுகிறேன். ஒரு பைத்தான் நிரல்தொகுதியின் நிறுவல் வழிகாட்டியில், விண்டோஸ் பாவனையாளர்கள் முதலில் இன்ன பக்கத்தை வாசித்துவிட்டு வரவும் என்று ஒரு வரி இருந்தது. இணைப்பு கூகுள் கோட் விக்கிப் பக்கம் ஒன்றுக்குப் போனது; பக்கம் இல்லை. அந்தத் திட்டம் இப்போது, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. கிட்ஹப் விக்கியிலும் விண்டோஸ் பற்றிய, கிட்டத்தட்ட அதே தலைப்புள்ள ஒரு பக்கம் இருந்தது. அந்த முகவரியை எடுத்துப் போட்டிருந்தால் இணைப்புச் சோதனைக் கருவி, பக்கம் கிடைத்தது என்று பொருள்படும் 200 ஐச் சொல்லி ஓய்ந்திருக்கும், திட்டத்தின் பராமரிப்பாளரும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

ஆனால் நான் முதலில் கிட் பிளேம் கட்டளையால் அந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தேன். 2012 இல் எழுதப்பட்டிருந்தது. அடுத்ததாக, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்த விக்கிப் பக்கத்தின் அதே ஆண்டுப் பிரதியைத் திறந்து வாசித்தேன். பைத்தான் 2.7 இல் சி மொழிப் பகுதிகளைத் தொகுப்பதற்கு (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவதற்கு) மைக்ரோசொஃப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் 2008 பதிப்பு வேண்டும், அதை எங்கிருந்து இறக்குவது, எந்தக் கோப்புறையில் வைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. கிட்ஹப் விக்கிப் பக்கமும் அதையேதான் சற்றுப் புதிய பதிப்புக்கு ஏற்பச் சொன்னது. ஆனால் 2013 க்குப் பிறகு வீல் என்ற தொகுப்பு வடிவம் பரவி, இந்த நிரல்தொகுதியும் விண்டோஸுக்கு ஏற்கெனவே தொகுத்த கோப்புகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. பைத்தானின் நிறுவல் கட்டளையான பிப் ஒன்றே போதும். தொகுப்பி எதுவும் தேவையில்லை. இன்றைய விசுவல் ஸ்டூடியோ தொகுப்புக் கருவிகளோ பல ஜிகாபைட் அளவுள்ளவை. "சரியான" புதிய முகவரியை நான் போட்டிருந்தால், நோர்வூட்டில் இருந்து வரும் ஒரு பிள்ளை, தனக்குத் தேவையே இல்லாத ஒன்றை இறக்கித் தன் ஒரு மாத டேட்டாவை ஓர் இரவில் தீர்த்திருப்பாள். ஆகவே அந்த இணைப்பைத் திருத்தவில்லை; அந்த வரியையே நீக்கிவிட்டு, பிப் கட்டளையையும், மூலத்தில் இருந்து தொகுக்க விரும்புவோருக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பையும் எழுதி அனுப்பினேன். ஏன் நீக்கினேன் என்பதை மாற்றக்குறிப்பில் நான்கு வரியில் விளக்கினேன்.

சோதனைக் கருவிகளின் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் லிங்க்செக் என்ற வசதி உள்ளிணைந்தே வருகிறது. மார்க்டவுன் கோப்புகளுக்கு ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட லைச்சி போன்ற வேகமான கருவிகள் இருக்கின்றன. ஆயிரம் இணைப்புகளைக் கையால் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் கருவி தருவது சந்தேகப் பட்டியல் மட்டுமே. தானியங்கிகளைத் தடுக்கும் தளங்கள் நல்ல பக்கத்துக்கும் 403 கொடுக்கும். அதற்கு நேர்மாறாக, செத்த பக்கத்துக்கு 200 கொடுக்கும் தளங்களும் உண்டு. இல்லாத பக்கத்தைக் கேட்டால் மன்னிப்புக் கேட்காமல் முகப்புப் பக்கத்தைத் தூக்கித் தருகின்றன. ஒரு சனிக்கிழமை, நன்றாக இருக்கிறது என்று கருவி பச்சை காட்டிய ஓர் இணைப்பைத் தொட்டுவிட்டு மாணவி ஒருத்தி, "சேர், பக்கம் தொறக்குது. ஆனா அவங்க சொல்ற விசயம் இதுல எங்கயும் இல்லையே" என்றாள். பழைய பயிற்சிக் கட்டுரை ஒன்றைச் சுட்டிய முகவரி, இப்போது அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கருவியும் அதைப் பிடித்திருக்காது. அவள் வாக்கியத்தை வாசித்துவிட்டுப் பக்கத்தையும் வாசித்ததால் பிடிபட்டது.

இன்னும் மறைவாகக் கெடுவது முகவரியின் கடைசியில் ஹாஷ் குறியோடு வரும் உட்தலைப்புச் சுட்டி. பக்கம் இருக்கும்; அந்த உட்தலைப்பை யாரோ மாற்றி எழுதியிருப்பார்கள். உலாவி எந்தப் பிழையும் சொல்லாமல் வாசகரைப் பக்கத்தின் உச்சியில் விட்டுவிடும். நீண்ட பக்கமாக இருந்தால் அவர் எதைத் தேடி வந்தார் என்பதே மறந்துபோகும். லிங்க்செக் இயல்பாகவே இந்தச் சுட்டிகளையும் சோதிக்கிறது. அதை அணைத்துவைத்திருக்கும் திட்டங்களில் மறுபடி இயக்கச் சொல்லி நான் கேட்பதுண்டு. நிரலின் குறித்த வரியைச் சுட்டும் கிட்ஹப் இணைப்புகளும் இதே இனம்தான். முதன்மைக் கிளையின் 120 ஆம் வரி என்று சுட்டினால், அடுத்த மாதம் அங்கே வேறொரு செயற்கூறு இருக்கும். கிட்ஹப்பில் ஒரு கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு விசைப்பலகையில் ஒய் எழுத்தை அழுத்தினால், அந்தக் குறித்த கமிட்டை, அதாவது நிரலின் அந்த நேரத்து நிலையை, சுட்டும் நிலையான முகவரி கிடைக்கும்.

வழிமாற்றுகளின் விடயத்தில் அவசரப்படக் கூடாது. 301, 308 ஆகியவை நிரந்தர மாற்றம், 302 தற்காலிகம். கருவி எல்லா வழிமாற்றுகளையும் காட்டி, முடிவில் சேர்ந்த முகவரியைப் போடு என்று தூண்டும். ஆனால் "நிலையான பதிப்பு" என்று பொதுவாகச் சுட்டும் முகவரி, இன்றைய பதிப்பெண் உள்ள முகவரிக்கு வழிமாற்றுவதும் உண்டு. அதைப் பதிப்பெண்ணோடு மாற்றிவைத்தால், நன்றாக இருந்த இணைப்பை நாமே காலாவதியாகும் இணைப்பாக்கிவிடுகிறோம். ஸ்பிங்க்ஸ் பாவிக்கும் திட்டங்களில் இன்டர்ஸ்பிங்க்ஸ் என்ற நீட்சி இருக்கிறது. பிறிதொரு திட்டத்தின் செயற்கூற்றையோ வகுப்பையோ அதன் பெயரால் சுட்டினால், முகவரியை அந்தத் திட்டம் வெளியிடும் அட்டவணையில் இருந்து கருவியே எடுத்துக்கொள்ளும். முடிந்த இடங்களில் எல்லாம் முகவரியை எடுத்துவிட்டுப் பெயரால் சுட்டும்படி மாற்றுவதே என் விருப்பம்.

டொமைன் பெயர் கைமாறும்போது உடைந்த இணைப்பு தொல்லை என்ற நிலையைக் கடந்து ஆபத்தாகிறது. பழைய உலாவிகளுக்குத் துணைபுரியும் நிரலை வழங்கிய பொலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரி எத்தனையோ கையேடுகளிலும் மாதிரி நிரல்களிலும் நேரடியாக எழுதப்பட்டிருந்தது. 2024 பெப்ரவரியில் அந்த டொமைன் வேறொரு நிறுவனத்திடம் போனது. ஜூன் மாதத்தில் அதில் இருந்து தீங்கு நிரல் வருவது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதைப் பாவித்துக்கொண்டிருந்தன. அந்த முகவரி வேலை செய்துகொண்டேதான் இருந்தது, ஆகையால் உடைந்த இணைப்புகளின் பட்டியலில் அது வந்திருக்காது. நிறுவல் வழிகாட்டியில், ஒரு முகவரியில் இருந்து கோப்பை இறக்கி நேரே ஓட்டு என்று சொல்லும் வரி எதைக் கண்டாலும், அந்த டொமைன் இன்றும் அந்தத் திட்டத்தாரிடம்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கடப்பதில்லை. மாதிரிக்காகக் கற்பனை முகவரி எழுதுபவர்கள் வாயில் வந்த பெயரை எழுதாமல், இதற்கென்றே 1999 இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நெறி ஆவணம் ஒதுக்கிவைத்த எக்ஸாம்பிள் டாட் கொம் முதலியவற்றைப் பாவிக்க வேண்டும். கற்பனைப் பெயரை நாளை யாரும் காசு கொடுத்து வாங்கலாம்.

தமிழ் முகவரிகளுக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள்; முகவரியில் அது சதவீதக் குறியீடாக மாறும்போது, பைட் ஒன்று % குறியோடு மூன்று எழுத்தாவதால், ஒன்பது எழுத்துகளாகிறது. தமிழ் என்ற சிறிய சொல்லே ஐந்து குறிகளால் ஆனது என்பதால், 45 எழுத்துகள் கொண்ட நீண்ட சரமாகிவிடும். வரிக்கு 80 எழுத்து என்று கட்டுப்படுத்தும் திட்டங்களில் இப்படிப்பட்ட இணைப்புகள் நடுவில் வெட்டுப்பட்டுச் செத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இதைவிட நுட்பமானது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பது. கொட்டகலை என்ற எங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. மெக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை, கோப்பின் பெயரைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்தது. அங்கிருந்து ஏற்றிய கொட்டகலை என்ற கோப்பையும், நாம் தட்டச்சு செய்த கொட்டகலை என்ற முகவரியையும் லினக்ஸ் சேவையகம் இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே பார்க்கும். 404 தான் வரும். மீடியாவிக்கி மென்பொருள் தலைப்புகளைச் சேர்த்தெழுதும் வடிவத்துக்குத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதால் தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தத் தொல்லை இல்லை. வெறும் கோப்புகளாகப் பரிமாறப்படும் ஆவணத் தளங்களில் இருக்கிறது. எழுத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து மணிக்கணக்காகக் குழம்புவதைவிட, இரண்டு முகவரிகளையும் சதவீதக் குறியீட்டு வடிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

எங்கே தேடியும் புதிய இடம் கிடைக்காவிட்டால் வேபேக் மெஷின் பிரதியைச் சுட்டலாம். 1996 இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001 இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது; அது இல்லாவிட்டால் என் வேலையில் பாதியைச் செய்யவே முடியாது. ஆயினும் அங்கே இருப்பது ஒரு காலத்தின் பிரதி. ஒரு வடிவமைப்பு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற வரலாற்றை விளக்கும் வாக்கியத்துக்கு அது மிகப் பொருத்தம். இதை இப்படி நிறுவு என்று இன்றைய வாசகருக்குச் சொல்லும் வாக்கியத்துக்குப் பொருந்தாது. அத்துடன், 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே பல நாள் முடங்கியபோது, பிரதியின் முகவரியை மட்டும் வைத்திருந்த ஆவணங்கள் வாசகருக்கு ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றன. பக்கத்தின் தலைப்பு, எழுதியவர், எழுதிய ஆண்டு, மூல முகவரி ஆகியவற்றையும் உரையிலேயே எழுதிவைத்தால், எல்லா இணைப்பும் போன பிறகும் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நூல்நுனி இருக்கும்.

பராமரிப்பாளர்களிடம் இதை எப்படிக் கொண்டுபோவது என்பதும் வேலையின் ஒரு பகுதி. அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலை முடிந்த பின்னிரவில் இதைப் பார்ப்பவர்கள். 2020 ஒக்டோபரில் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு நிகழ்வில் ஒரு டிஷேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் அறிமுகக் கோப்புகளில் பொருளற்ற மாற்றங்களைச் செய்து அனுப்பியதில் இருந்து, சிறிய ஆவணத் திருத்தம் என்றாலே சிலருக்குச் சலிப்பு வருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. இருநூறு இணைப்புகளை ஒரே மாற்றக் கோரிக்கையில் மாற்றி அனுப்பினால் யாரும் அதை வாசிக்க மாட்டார்கள்; வாசிக்காமல் ஏற்றுக்கொண்டாலும் ஆபத்து, ஏற்காமல் விட்டாலும் நட்டம். காரணம் ஒன்றாக இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பழைய பக்கத்தில் என்ன இருந்தது, புதிய பக்கம் அதையேதான் சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பதை ஓரிரு வரியில் எழுதி அனுப்பும்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தானியங்கிச் சோதனையை ஒவ்வொரு கோரிக்கையோடும் ஓட்டாமல் வாரம் ஒருமுறை தனியாக ஓட்டுவது நல்லது. எங்கோ ஒரு வெளித்தளம் ஒரு மணி நேரம் படுத்துவிட்டதற்காக, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் முதல் பங்களிப்பு சிவப்பாகித் தடைப்படக் கூடாது.

இப்போது என் கையில் இருப்பது தமிழில் எழுதப்பட்ட பழைய நிறுவல் வழிகாட்டிகள். லினக்ஸில் தமிழ் விசைப்பலகை அமைப்பது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்த உரையை யுனிகோட்டுக்கு மாற்றுவது என்பன போன்றவை. இவற்றின் இணைப்புகள் பல, 2009 இல் மூடப்பட்ட ஜியோசிட்டீஸ் பக்கங்களுக்கும், 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்ட யாகூ குழுமங்களுக்கும் போகின்றன. தமிழ்க் கணிமையின் தொடக்ககால உரையாடல்களில் கணிசமான பகுதி அந்தக் குழுமங்களில்தான் நடந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்த குழுமங்களின் மடல்கள் வேபேக் மெஷினிலும் கிடைப்பதில்லை. ஒரு விசை அமைப்பு ஏன் அப்படி முடிவுசெய்யப்பட்டது என்று சொல்லும் மடல் அங்கே இருந்தது என்பது வழிகாட்டியின் வாக்கியத்தில் இருந்து தெரிகிறது. மடல் கையில் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இணைப்பை எடுத்துவிட்டு, குழுமத்தின் பெயரையும் மடலின் தலைப்பையும் திகதியையும் வெறும் உரையாக எழுதிவைக்கிறேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில், அச்சில் வந்த பழைய கணினிக் கட்டுரைகள் இருக்கின்றனவா என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடத் தொடங்கியிருக்கிறேன். அந்தக் காலத்துக் குழும மடல்களை மின்னஞ்சலாகப் பெற்று அழிக்காமல் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், எழுதியவர்களின் சம்மதத்தோடு அவற்றைப் பொதுவில் வைக்க முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மடலுக்கு எந்த வழிகாட்டியில் இடம் காலியாக இருக்கிறது என்ற பட்டியல் என்னிடம் ஆயத்தமாக உள்ளது.